சொல்லாமல் விலகும் வாடிக்கையாளர்

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் சகோதரிகளுக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு காலம். நானும் என் தாத்தாவும் வீட்டில் சமோசாவும் ரோல்ஸும் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். வாப்பா மௌத்தான பிறகு வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு மாத வியாபாரம்தான். அஸர் தொழுகை முடிந்ததும் அயல்வீட்டுப் பிள்ளைகள் பாத்திரங்களோடு வாசலில் வந்து நிற்பார்கள். அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் பேரனும் அவர்களில் ஒருவன். நாள் தவறாமல் இருபது சமோசா வாங்கிப் போவான்.

பதினெட்டாம் நோன்பு. முதல் நாள் செய்த இறைச்சிக் கறி கொஞ்சம் மீதமிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததுதான். ஆனால் இரவில் சில மணி நேரம் மின்சாரம் இருக்கவில்லை. மணந்து பார்த்தோம். நோன்போடு இருந்ததால் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. "புதுக் கறியோட கலந்தா ஒண்டும் தெரியாது" என்றார் தாத்தா. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கும் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஒருவர்கூட குறை சொல்லவில்லை.

மறுநாள் டீச்சரின் பேரன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எங்காவது பயணம் போயிருப்பார்கள் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

பெருநாள் கழிந்து ஒரு நாள் டீச்சரைப் பார்க்கப் போனோம். அன்போடு வரவேற்று, தேநீர் தந்து உபசரித்தார். பேச்சோடு பேச்சாக நான்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கட கைப்பக்குவத்தில ஒரு குறையும் இல்ல மகள். அண்டைக்கு எடுத்தது கொஞ்சம் புளிச்சிருந்திச்சி. நோன்போட நிண்டு செய்ற பிள்ளைகள், சொன்னா மனசு உடைஞ்சி போகும் எண்டுதான் சொல்லல்ல."

அன்றிரவு தாத்தாவும் நானும் கணக்குப் பார்த்தோம். அந்த வருடம் நோன்பு முப்பது. மீதிப் பன்னிரண்டு நாளும் இருபது இருபதாக எடுத்திருந்தால் 240 சமோசா. நாங்கள் மிச்சம் பிடித்ததோ ஒரு சிறிய சட்டிக் கறி. டீச்சரிடம் கேட்டதால் ஒருவர் போன காரணம் தெரிந்தது. கேட்காமலே போனவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை.

குறை சொல்கின்ற வாடிக்கையாளரை நாம் தொந்தரவு என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் நமக்கு உதவி செய்கிறார். சொல்லாமல் விலகிப் போகிறவரிடமிருந்துதான் எதையும் கற்றுக்கொள்ள முடியாமல் போகிறது. அதிலும் எமது ஊர்களில், தெரிந்த பிள்ளை, சொந்தக்காரப் பிள்ளை என்று முகத்துக்காகப் பேசாமல் இருப்பவர்களே அதிகம்.

சந்தைப்படுத்தல் என்றால் என்ன?

'சந்தைப்படுத்தல்' என்றதும் பெரிய கம்பனிகளின் தொலைக்காட்சி விளம்பரங்கள்தான் நினைவுக்கு வரும். வீட்டில் சீனிச் சம்பல் செய்து போத்தலில் அடைப்பவருக்கும், அபாயா தைப்பவருக்கும் அதில் என்ன வேலை என்று எண்ணத் தோன்றும். ஆனால் விளம்பரம் அதில் ஒரு சிறு பகுதி மாத்திரமே. யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார், எந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படுகிறது, எதற்காகத் தயங்குகிறார் என்பவற்றை அறிந்து, அதற்கேற்பப் பொருளைச் செய்து கொடுப்பதுதான் சந்தைப்படுத்தலின் முக்கிய பகுதி. அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. பார்க்கின்ற கண்ணும் கேட்கின்ற காதும் போதும். இதை இரண்டு உண்மைக் கதைகளால் விளக்கலாம்.

மூடத் தெரியாத மூடி

எங்கள் உம்மாமார் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைக்கும் டப்பர்வெயார் கிண்ணங்கள் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவைச் சேர்ந்த ஏர்ல் டப்பர் என்பவர் 1946 இல் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பொருள் நல்ல பொருள். கீழே விழுந்தாலும் உடையாது, மூடி இறுக்கமானது, உள்ளே காற்றுப் போகாது. ஆனாலும் கடைகளில் அது எதிர்பார்த்தபடி விலைப்படவில்லை.

காரணம் மூடியில் இருந்தது. நடுவில் அழுத்தி, ஓரத்தைச் சற்று உயர்த்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே அது சரியாகப் பொருந்தும். கடைத் தட்டில் கிடக்கும் கிண்ணம் இதைத் தானாகச் சொல்லுமா? எடுத்துப் பார்த்தவர்கள் புரியாமல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் காலத்தில் பிரௌனி வைஸ் என்ற பெண், தனியாக ஒரு மகனை வளர்த்துக்கொண்டு, வீடு வீடாகச் சென்று பொருட்கள் விற்றுப் பிழைத்து வந்தார். அவர் இந்தக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டின் முன்அறைக்குப் போவார். அந்த வீட்டுப் பெண் தன் தோழிகளையும் அயலவர்களையும் அழைத்திருப்பார். மூடுவது எப்படி என்று வைஸ் செய்து காட்டுவார். கிண்ணத்தில் திரவத்தை நிரப்பி, மூடி, அறையின் மறுபக்கத்துக்கு எறிந்தும் காட்டுவார். ஒரு சொட்டும் சிந்தாது! பார்த்தவர்கள் வாங்கினார்கள். அவரது விற்பனையைக் கண்ட டப்பர், 1951 இல் கடைகளில் விற்பதையே நிறுத்தி, வீடுகளில் விற்கும் முறையை வைஸின் பொறுப்பில் விட்டார். 1954 இல் 'பிஸ்னஸ் வீக்' சஞ்சிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

கவனியுங்கள். பொருள் மாறவில்லை. வாங்குபவரின் தயக்கம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்ததுதான் மாற்றம். முன்பின் தெரியாத விற்பனையாளரை விட, அடுத்த வீட்டுக்காரியின் சொல்லைப் பெண்கள் நம்புகிறார்கள் என்பதையும் வைஸ் புரிந்து வைத்திருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே கம்பனி 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி விண்ணப்பித்தது. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், கைத்தொலைபேசியில் பார்த்தே பொருள் வாங்குகிறார்கள், மலிவான கிண்ணங்கள் எங்கும் கிடைக்கின்றன. வாங்குபவரின் வாழ்க்கை மாறியபோது, விற்கும் முறை அதே வேகத்தில் மாறவில்லை. வாடிக்கையாளரை ஒரு முறை புரிந்துகொண்டால் போதாது. தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏழு பெண்களும் எண்பது ரூபாவும்

இரண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1959 மார்ச் 15 ஆம் திகதி, மும்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குடும்பப் பெண்கள் கூடினார்கள். படிப்பு அதிகமில்லை. சமையலைத் தவிர வேறு தொழில் தெரியாது. சகன்லால் பாரேக் என்ற சமூக சேவையாளரிடம் எண்பது இந்திய ரூபா கடனாகப் பெற்று, உழுந்து மா வாங்கிப் பப்படம் செய்யத் தொடங்கினார்கள். முதல் நாள் நான்கு பக்கற். தெரிந்த வியாபாரி ஒருவர் அதை வாங்கி விற்றார்.

ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் பப்படம் செய்தார்கள். ஒன்று நல்ல தரம். மற்றது தரம் குறைந்தது, விலையும் குறைந்தது. வறியவர்களும் வாங்கலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் கொடுத்த பாரேக் அதைத் தடுத்தார். ஒரே தரத்தில் செய்யுங்கள், தரத்தில் ஒருபோதும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே அவருடைய அறிவுரை. அந்தப் பெண்கள் கேட்டார்கள்.

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மலிவுப் பப்படத்தை வாங்கியவர், 'இது இரண்டாம் தரம்' என்று நினைவில் வைத்திருக்க மாட்டார். 'அந்தப் பெண்கள் செய்யும் பப்படம் இவ்வளவுதான்' என்றுதான் நினைப்பார். நாங்கள் கறியைக் கலந்த அன்று டீச்சரும் அப்படித்தான் நினைத்திருப்பார். பதினேழு நாள் நல்ல சமோசாவை ஒரு நாள் சமோசா மறக்கச் செய்துவிட்டது.

முதல் வருடம் மழைக்காலத்தில் பப்படம் காயாமல் நான்கு மாதங்கள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. ஈரமான பப்படத்தை விற்பதற்குப் பதிலாக அவர்கள் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் பப்படத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். வீட்டுப் பெண்களின் புத்தி!

1962 இல் அந்தப் பப்படத்துக்கு 'லிஜ்ஜத்' என்று பெயர் வைத்தார்கள். குஜராத்தி மொழியில் அதற்குச் சுவை என்று அர்த்தம். அரபு மொழியின் 'லத்தத்' என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. இன்று இந்தியா முழுவதும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் உறுப்பினர்கள். பிசைந்த மாவைக் கிளையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, பப்படம் தேய்த்து மறுநாள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எத்தனை ஆயிரம் கைகள் தேய்த்தாலும் சுவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக மாவைப் பொதுவான இடத்தில் பிசைகிறார்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அந்த ஏழு பேருக்கும் தொடக்கத்தில் விளம்பரத்துக்குக் காசு இருக்கவில்லை. வாங்கியவர்களின் வாய்ச்சொல்தான் விளம்பரம்.

ஈரமான தானியம்

நம்பிக்கையைப் பற்றி நமது மார்க்கம் சொல்வதை இங்கே நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்தது. உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள்.

மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. தானியம் நனைந்ததும் குற்றமல்ல. மறைத்ததுதான் குற்றம். எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றதும் எங்கள் குற்றமல்ல. கலந்ததுதான் குற்றம். அதை எத்தனை தடவை கேட்டும் அந்தப் பதினெட்டாம் நோன்பில் எங்களுக்கு நினைவு வரவில்லையே!

விலை கூடியபோது...

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வருடம். அந்த செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு 94 சதவீதத்தையும் தாண்டியது. வீட்டில் உணவு செய்து விற்ற பெண்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விலையைக் கூட்டுவது. மற்றது, விலையை அப்படியே வைத்து, சொல்லாமல் அளவைக் குறைப்பது.

இரண்டாவது வழி இலகுவானது. 250 கிராம் போத்தல் 200 கிராம் ஆகும். ரோல்ஸுக்குள் இறைச்சி குறைந்து உருளைக்கிழங்கு கூடும். ஆனால் வாங்குபவரும் ஒரு வீட்டுப் பெண்தான். போத்தலைக் கையில் எடுத்ததும் பாரம் தெரியும். அவர் ஒன்றும் பேசமாட்டார். டீச்சரைப் போலவே விலகிவிடுவார்.

'தேங்காயும் எண்ணெயும் விலை கூடிவிட்டன. பழைய அளவு இந்த விலை, சிறிய போத்தல் இந்த விலை, விரும்பியதை எடுங்கள்' என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். சிலர் வாங்காமல் போவார்கள். வாங்குபவர்கள் தெரிந்தே வாங்குவார்கள். விலை இறங்கும்போது அதையும் முதலில் நாமே சொன்னால் அந்த உறவு உறுதிப்படும்.

ஒரே எண்ணெய்ச் சட்டி

எமது வாடிக்கையாளர்களில் சிங்களச் சகோதரிகளும் தமிழ்ச் சகோதரிகளும் இருக்கிறார்கள். வட்டிலப்பத்துக்கென்றே பெருநாளை எதிர்பார்த்திருக்கும் அயலவர்கள் எத்தனை பேர்! இவர்கள் விடயத்தில் நாம் விசேட கவனம் எடுக்க வேண்டும்.

'மரக்கறி ரோல்ஸ்' என்று சொல்லி விற்கிறோம். ஆனால் மாட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயில்தான் அதையும் பொரிக்கிறோம். நமக்கு அது சிறிய விடயம். விரதம் பிடிக்கும் ஒரு தமிழ்ச் சகோதரிக்கு அது சிறிய விடயமல்ல. நாம் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தால் 'ஹலாலா?' என்று எத்தனை தடவை கேட்கிறோம்! பதில் சொல்பவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பித்தான் சாப்பிடுகிறோம். அதே நம்பிக்கையோடுதான் அவரும் நம் வாசலுக்கு வருகிறார்.

வேறு சட்டி வைக்க முடியுமானால் வையுங்கள். அல்லது மரக்கறியை முதலில் புது எண்ணெயில் பொரித்துவிட்டு இறைச்சியைப் பிறகு பொரியுங்கள். இரண்டும் முடியாவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். 'இன்றைக்கு உங்களுக்குத் தர முடியாது' என்று திருப்பி அனுப்பினால் அன்றைய வியாபாரம் குறையலாம். ஆனால் அந்தச் சகோதரி உங்களை நம்புவார். நான்கு பேரிடமும் சொல்வார்.

ஒரு கொப்பி போதும்

எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, வியாபாரத்துக்கென்று தனியாக வையுங்கள். வரவு செலவோடு பின்வருவனவற்றையும் எழுதுங்கள்.

யார் என்ன வாங்கினார், எத்தனை வாங்கினார் என்று எழுதுங்கள். வழக்கமாக வருபவர் இரண்டு தடவை வராவிட்டால், தயங்காமல் விசாரியுங்கள். 'ஏன் வாங்கவில்லை' என்று கேட்காதீர்கள். 'கடைசியாக எடுத்ததில் ஏதும் குறை இருந்ததா' என்று கேளுங்கள். வாய் திறந்து சொல்ல அவருக்கு அது இலகுவாக இருக்கும்.

என்ன மீதமாகிறது என்று எழுதுங்கள். பெரிய போத்தல் சீனிச் சம்பல் தேங்கி நின்றால் சுவையில் குறை என்று அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேராக இருக்கலாம். சிறிய போத்தல் வைத்துப் பாருங்கள்.

வாங்குபவர் தயக்கத்தோடு கேட்பதை எழுதுங்கள். 'உறைப்புக் குறைத்துத் தருவீர்களா', 'சீனி வருத்தக்காரருக்குக் கொடுக்கலாமா', 'மூன்று மணிக்கு முன் கிடைக்குமா' என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு புது வியாபாரத்துக்கு வழிகாட்டலாம்.

போத்தலில் செய்த திகதி, எத்தனை நாள் வைக்கலாம், நிறை, சேர்க்கப்பட்டவை ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். கச்சான், பால், முட்டை போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். தொடர்ந்து உணவு விற்பவர்கள் தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. பொருளைப் பற்றிப் பிழையான தகவல் கொடுத்து விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படியும் குற்றமாகும்.

வட்ஸ்அப்பில் போடும் படம் உங்கள் கையால் செய்த பொருளின் படமாக இருக்கட்டும். வேறு யாரோ செய்த அலங்காரக் கேக்கின் படத்தைப் போட்டு ஓடர் எடுத்தால், வந்து பார்ப்பவருக்கு உங்கள் நல்ல கேக்கும் குறையாகவே தெரியும். 'வல்லாஹி, இதைவிட நல்லது கிடைக்காது' என்று சத்தியம் செய்து விற்பதையும் விட்டுவிடுவோம். சத்தியம் பொருளை விற்கும், பரக்கத்தை அழித்துவிடும் என்பது நபிமொழி தரும் பாடம்.

பிழை நடந்துவிட்டால்? மனிதர்தானே, நடக்கும். அவர் சொல்லும் வரை காத்திருக்காமல் நாமே முந்திக்கொண்டு சொல்வதுதான் சிறந்தது. காசைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது புதிதாகச் செய்து கொடுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம்.

மீண்டும் டீச்சர்

அந்தப் பெருநாளைக்குப் பிறகு தாத்தா டீச்சரின் வீட்டுக்குத் தனியாக ஒரு தடவை போனார். மின்சாரம் நின்றதையும், மீதிக் கறியைத் தெரிந்தே கலந்ததையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லையாம். தலையை மட்டும் ஆட்டினாராம். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. மீதமான கறி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மறுநாள் விற்பனைக்குப் போகாது.

அடுத்த வருடம் மூன்றாம் நோன்பன்று பேரன் பாத்திரத்தோடு வந்து நின்றான். "உம்மும்மா பத்து எடுத்து வரச் சொன்னாங்க" என்றான். இருபது அல்ல, பத்து. நாங்கள் பத்துத்தான் கொடுத்தோம். மேலதிகமாக ஒன்றும் வைக்கவில்லை. இரக்கத்துக்காக அவர் வாங்கக் கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார்.

அந்தப் பத்து மறுபடியும் இருபதாக இன்னும் இரண்டு நோன்பு காலங்கள் எடுத்தன.